இந்திரவிழாவில் மனையணி

புகார் நகரத்து இந்திரவிழாவைச் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் பாடுகின்றன. விழாவின்பொருட்டு மனைவாயிலும் வீதியும் அணிசெய்யப்பெறும் திறம் இரண்டிலும் உண்டு. பண்பாட்டு வரலாறு எழுதுவோர் இப்பகுதிகளைப் பன்முறை எடுத்தாண்டுள்ளனர்; தோரணம் இருந்தது, பூரணகும்பம் இருந்தது என எண்ணிக் காட்டி அமைவர். காப்பியத்துள் அவ்வணி யாது செய்கின்றது என வினவுவார் அரியர். அவ்வினாவையே யாம் ஈண்டு எழுப்புகின்றோம்.

தோரணம், பூரணகும்பம், பாலிகை, பாவைவிளக்கு என்னும் நான்கும் இரு நூலிலும் அதே முறையில் வருகின்றன. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுந்தது எனக் கூறிவிடுத்தல் எளிது. ஆயின் வேற்றுமையே நோக்கத்தக்கது. இளங்கோவடிகள் காட்டுவன அணிசெய்து முடிந்த மாளிகைகள்: மரகதமும் வயிரமும் பதித்த வேதிகை, பவளத்தூண், வாயில்தோறும் முத்துத்தொங்கல். அவற்றை அணிசெய்த கைகள் நம் கண்ணிற்குப் புலனாகா. சாத்தனாரோ முற்றும் ஏவலாகவே பாடுகின்றார். பரப்புமின், நடுமின், நாற்றுமின் என மின்னீற்று ஏவற்பன்மை அடுக்கி வருகின்றது. பொன்னும் முத்தும் அவரிடத்தும் உள. எனினும் குலைதாங்கிய கமுகும் வாழையும் கரும்பும் அவற்றொடு வந்து கலந்துவிடுகின்றன. பழமணலை அகற்றிப் புதுமணல் இடும் வேலையும் விடுபடவில்லை. (வாழைமரம் கட்டுதல் என நாம் இன்று வழங்குவதனை அவர் நடுதல் என்றே கூறுகின்றார், சொல் மாறினும் வாயிலில் வாழை நிற்றல் மாறிற்றில்லை.)

முரசறைவோன் கூற்றாதலின் ஏவல் வந்தது, இதிற் புதுமை என்னை எனின், அன்று. வச்சிரக்கோட்டத்து முரசம் யானைப்பிடரில் ஏறுதல் சிலப்பதிகாரத்தும் உண்டு. ஆண்டு முரசம் ஏறுகின்றது. அதன் வழி ஊரார்க்குச் சொல்லப்பட்டது யாதென நாம் கேட்பதில்லை. மணிமேகலையில் அக்குரலையே முழுதும் கேட்கின்றோம். அக்குரலை ஆசிரியர் வேண்டியே தெரிந்துகொண்டார் என்பது எம் கருத்து.

காரணம், அக்குரற்குப் பின் அச்சம் நிற்கின்றது. விழாவை மறப்பின் நாளங்காடிப் பூதம் இடும்பை செய்யும் என ஊர்ப்பெரியோர் கூறிய பின்னரே முரசு அறையப்படுகின்றது. இருபத்தெட்டு நாள் விழாவிற்கு மனையை அணிசெய்தல் இங்கு மகிழ்ச்சி மட்டும் அன்று, நகரத்தைக் காக்கும் கடனும் ஆகும். சிலப்பதிகாரத்து மாளிகைகளின் ஒளியில் இவ்வச்சம் இத்துணை வெளிப்படையாகத் தோன்றுவதில்லை. அங்கு அணி செல்வத்தின் முகமாகவே நிற்கின்றது.

இவ்வேறுபாட்டைக் காணாது இரண்டனையும் ஒரே பட்டியலில் அடைப்போர் மணிமேகலையின் முதற்காதையைத் தனித்துண்டாக்கிவிடுகின்றனர். அடுத்த காதையிலேயே அவ்விழாவிற்கு ஆட மாதவி வாராமை ஊரலராகின்றது. முரசு அறைந்தும் ஒருத்தி வரவில்லை. காப்பியத்தின் பிற்பகுதியிலோ, பீலிவளை ஈன்ற மகனைக் கடலில் இழந்து துயருற்ற நெடுமுடிக்கிள்ளி விழாவையே மறக்கின்றான். புகாரைக் கடல் கொள்கின்றது. அச்செய்தியைப் படித்தபின் முதற்காதைக்கு மீளுமின். நடுமின், பரப்புமின் என்னும் ஏவல்கள் ஒவ்வொன்றும், அவ்வாண்டில் எவரும் ஏவாது விடுத்த பணிகளாக அப்பொழுது ஒலிக்கும்.