எடுக்காமல் விட்ட பறவை

ஃப்ளோபெரின் 'தூய ஜூலியன்' கதையில் ஒரு பறவை சாகிறது. ஒரே வாக்கியத்தில் சாகிறது. இந்தக் கதையைப் படித்த நம் நண்பர்கள் எல்லோரும் மானைப் பற்றியே பேசுகிறார்கள். நெற்றியில் அம்பு தைத்தபடி வந்து, நீ உன் தாய் தந்தையரைக் கொல்வாய் என்று சபித்துவிட்டுச் சாகிற பெரிய மான். அதை விட்டால், கடைசியில் வருகிற தொழுநோயாளி. பறவையைப் பற்றி எவரும் பேசிக் கேட்டதில்லை. எனக்கோ கதை முழுவதும் அந்தப் பறவையின் மேல்தான் நிற்கிறது என்று படுகிறது. வேட்டையை எழுதுவதே ஹிம்சையைக் கொண்டாடுவது என்று சமீபத்தில் நம் வட்டத்தில் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. அதற்குப் பதிலாகவும் இந்தப் பறவையையே எடுத்துக்கொள்கிறேன்.

'மூன்று கதைகள்' 1877இல் வெளிவந்தது. இரண்டாவது கதை ஜூலியன். பிரபுவின் மகன்; சிறுவயதிலேயே கொலையின் ருசி கண்டவன். ஒரு குளிர்காலக் காலையில், விடியுமுன்பே, குட்டைக்கால் நாய்கள் இரண்டுடன் குதிரையில் கிளம்புகிறான். உறைந்த துளிகள் அவன் மேலங்கியில் ஒட்டிக்கொள்கின்றன. காற்று கடுமையாக வீசுகிறது. முயல்களை நாய்கள் பாய்ந்து முதுகெலும்பை முறிக்கின்றன. பிறகு காட்டுக்குள் நுழைகிறான். ஒரு கிளை நுனியில், குளிரில் விறைத்து, சிறகுக்குள் தலையைப் புதைத்துத் தூங்குகிறது ஒரு காட்டுச் சேவல். வாளை வீசி அதன் கால்கள் இரண்டையும் அறுத்துவிட்டு, அதை எடுக்காமல் மேலே போகிறான்.

இந்த இடத்தைத் தமிழில் கொண்டுவர முயல்கிறவனுக்கு இரண்டு சங்கடங்கள். முதலாவது, பனி. நமக்கு மார்கழி விடியலில் புல்லில் நிற்பதும் பனி, இமயத்தில் உறைந்து கிடப்பதும் பனி. பல்லைக் கிட்டவைக்கிற குளிரைச் சொல்ல வந்த வாக்கியம், தமிழில் கோலம் போடுகிற வேளையின் இதத்தைப் பெற்றுவிடுகிறது. இரண்டாவது, பறவை. பிரெஞ்சில் அது புதர்க்காட்டுச் சேவல். நம் மலைகளில் இல்லாத பறவை. ஆனால் குலம் அந்நியமல்ல. ஐரோப்பியர் குளிர்காலத்தில் வேட்டையாடும் ஃபெசான், நம் மயில், காட்டுக்கோழி, கவுதாரி, காடை எல்லாம் ஒரே குடும்பம். இன்றைய பறவையியலார் ஜூலியனின் சேவலையும் அந்தக் குடும்பத்தில்தான் சேர்க்கிறார்கள். ஆகவே காட்டுக்கோழி என்று எழுதினால் பெரிய துரோகமில்லை. துரோகம் நிகழக்கூடிய இடம் 'எடுக்காமல்' என்கிற ஒற்றைச் சொல். அதை ஒரு வினையெச்சமாக மட்டும் வாசித்துக் கடந்து போனால் கதை கைநழுவிவிடுகிறது.

ஏன் என்று சொல்ல, வேட்டை என்கிற வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தாக்கள் இன்னும் சிலர் புதுச்சேரியில் இருக்கிறார்கள். எங்கள் வங்கிக் கவுண்டருக்குப் பென்ஷனுக்காக வருகிற ஒருவர், பிரான்சில் இருந்த காலத்தில் ஜனவரி மாதம் மேலதிகாரி ஒருவரோடு ஃபெசான் வேட்டைக்குப் போனதைச் சொல்வார். பருவத்தின் ஆரம்பத்தில் அனுபவமற்ற பறவைகள் விழுந்துவிடும். இங்கிலாந்தில் அந்தப் பருவம் அக்டோபர் 1இல் தொடங்கி பிப்ரவரி 1இல் முடிகிறது. கடைசி வாரங்களில் மிஞ்சியிருப்பவை எல்லாம் கற்றுக்கொண்ட பறவைகள். பறப்பதில்லை, ஓடுகின்றன. கோரைக்குள்ளும் முட்புதருக்குள்ளும் போய் அழுந்திக்கொள்கின்றன. உறைந்த பனியின் மேலோடு பூட்ஸுக்கடியில் நொறுங்குகிற சத்தமே அவற்றுக்கு எச்சரிக்கை. வறண்ட கடுங்குளிரில் வாசனை எழும்புவதும் குறைவு. அப்போது மனிதன் செய்யக்கூடியது நாயை நம்புவது ஒன்றுதான். "நாய் நின்னா நீயும் நிக்கணும் தம்பி, நீ முந்தினா போச்சு" என்பார் அவர்.

நாயின் வேலை பறவையைக் கிளப்புவதோடு முடிவதில்லை. சிறகில் மட்டும் அடிபட்ட ஃபெசான் விழுந்தவுடன் ஓடும். மனிதக் கண்ணுக்கு அகப்படாது. நாய் போகாவிட்டால் அது எங்கோ புதரடியில், எவருக்கும் உணவாகாமல், இரவெல்லாம் செத்துக்கொண்டிருக்கும். நல்ல நாய் மோப்பம் பிடித்துப் போய், பல் பதியாமல் கவ்விக் கொண்டுவந்து கையில் கொடுக்கும். கொன்றதைத் தேடி எடுத்தாகவேண்டும் என்பது வேட்டைக்காரனின் கடன். அந்தக் கடனின் உருவம்தான் நாய்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு திரும்ப ஜூலியனிடம் வரலாம். அவன் கொல்வதெல்லாம் ஓடாமல் காத்திருப்பதுபோல் விழுகின்றன. வில்லை வளைக்கிறான், வாளை வீசுகிறான், கத்தியைப் பாய்ச்சுகிறான், உழைப்பே இல்லை. கனவில் நடக்கிற காரியத்தின் சுலபம். பள்ளத்தாக்கில் அடைபட்ட மான்கூட்டத்தைத் தீர்த்து, அந்தப் பெரிய மானின் சாபத்தையும் வாங்கிக்கொண்ட பிறகு ஃப்ளோபெர் சர்வ சாதாரணமாகத் தெரிவிக்கிறார்: குதிரை தொலைந்துவிட்டது, நாய்கள் அவனை விட்டுப் போய்விட்டன. எப்போது போயின என்று சொல்வதில்லை. வாசகன் திரும்பிப் போய்த் தேடினால், முயல்களுக்குப் பிறகு நாய்களைக் காணோம். அதாவது, அந்தச் சேவலை அவன் எடுக்காமல் விட்ட கணத்திலிருந்து கதையில் நாய்க்கு வேலையில்லை. ஃப்ளோபெர் திட்டமிட்டுச் செய்தாரா என்பது என் பிரச்னையல்ல. வாக்கியங்கள் அப்படி அமைந்திருக்கின்றன.

ஃப்ளோபெர் குரோவாசே வீட்டில் மேசைமுன் உட்கார்ந்திருந்தவர். பழைய வேட்டை நூல்களைத் தேடிப் படித்துத்தான் இந்தக் கதைக்குச் சாமான் சேர்த்தார். தன் ஊர்ப்பக்கத்துத் தேவாலயக் கண்ணாடிச் சித்திரத்தில் உள்ளபடி சொன்னேன் என்று கதையையே முடிக்கிறார். ஆனால் அவருடைய நெருங்கிய நண்பர் துர்கனேவ் வாழ்நாள் முழுவதும் நாயும் துப்பாக்கியுமாக அலைந்தவர். பெகாஸ் என்கிற தன் நாயைப் பற்றி 1871இல் தனிக் கட்டுரையே எழுதியவர். 1852இல் நூலாக வந்த 'வேட்டைக்காரனின் குறிப்புகள்' நம்மில் பலர் மாஸ்கோ பதிப்புகளின் தயவில் படித்ததுதான். அதில் 'பேழின் புல்வெளி' இப்படித்தான் தொடங்குகிறது: காட்டுச் சேவல் வேட்டையாடிய ஒரு நாளின் முடிவில், இருட்டில் வழிதவறி, தியான்கா என்கிற நாயுடன் நடந்துகொண்டிருக்கிறார். நிறைந்த வேட்டைப் பையின் வார் தோளை அறுக்கிறது. எத்தனை பறவைகளைச் சுட்டார், எப்படிச் சுட்டார் என்பதில் அவருக்கு ருசியில்லை. பறவைகளின் பாரம் மட்டும் தோளில் இருக்கிறது. அந்தப் பாரத்தோடுதான் குதிரை மேய்க்கிற சிறுவர்களின் நெருப்பருகே வந்து உட்காருகிறார். அவர்கள் பேசுவதைக் கேட்கிறார். கேட்கிற காது அந்தத் தோளைச் சேர்ந்தது.

ஜூலியனின் கதையை 1877இல் ருஷ்ய மொழிக்குக் கொண்டுவந்தவரும் இதே துர்கனேவ்தான். பை அறுத்த தோளை உடையவர், 'எடுக்காமல் போகிறான்' என்று எழுதவேண்டி வந்ததை நான் பலமுறை நினைத்துக்கொள்வதுண்டு.

நம்மிடம் வேட்டைக்காரத் துறவி ஒருவர் இருக்கிறார். திண்ணன். 12ஆம் நூற்றாண்டில் அவரைப் பாடிய சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்கனின் அமைச்சர். ஃப்ளோபெர் போலவே மேசைக்காரர்தான். ஆனால் அவர் வேட்டைக்குக் காரணம் வைக்கிறார். தகப்பன் நாகனுக்கு வயதாகிவிட்டது. விலங்குகள் பெருகி விளைச்சலை அழிக்கின்றன. வேடர் வந்து முறையிடுகிறார்கள். மகன் கன்னி வேட்டைக்குப் புறப்படுகிறான். நாய்களும் ஆட்களும் வலைகளுமாக ஒரு ஊரே போகிறது. கொலை உச்சத்தில் இருக்கும்போது சேக்கிழார் ஒரு சட்டத்தைச் சொல்கிறார்: யானைக் கன்றுகளை இவர்கள் தொடரமாட்டார்கள், சிறு குட்டிகளைக் கொல்லமாட்டார்கள், சினைப்பட்டு நடைதளர்ந்த பிணைகளை அலைக்கமாட்டார்கள். ஜூலியன் பெண்மானையும் குட்டியையும் கொன்றுதான் சாபம் வாங்குகிறான் என்பதை இதனோடு சேர்த்துப் படிக்கவேண்டும். இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. இந்தச் சட்டத்தைச் சொல்கிற பாட்டும் கொலையைச் சொல்கிற பாட்டுகளின் அதே துள்ளல் சந்தத்தில்தான் ஓடுகிறது. நிறுத்திவைத்து உபதேசம் பண்ணவில்லை. ஓடுகிற ஓட்டத்திலேயே கை தடுத்துக்கொள்கிறது. தர்மம் என்பது வேகத்துக்குள் இருக்கவேண்டிய பொருள் என்று அந்தச் சந்தம் தெரிந்துவைத்திருக்கிறது.

வலையைத் தப்பி ஓடிய பன்றியை நாணனும் காடனும் பின்தொடரத் திண்ணன் துரத்திக் குத்துகிறான். மூவருக்கும் பசி. பன்றியைத் தூக்கிக்கொண்டு பொன்முகலி ஆற்றங்கரைக்குப் போகிறார்கள். காடன் நெருப்பு மூட்டுகிறான். அந்த இறைச்சிதான், திண்ணன் வாயில் அதுக்கிப் பதம் பார்த்த பிறகு, இலைக் கல்லையில் காளத்தி மலைக்குப் போகிறது. கொன்றது ஒன்றும் வீணாகவில்லை, அதுவே நைவேத்தியம். கடைசியில் சாமியின் கண்ணில் ரத்தம் வழியும்போது அவனுக்குக் கை கொடுப்பதும் வேடர் வைத்தியம்தான். தசைக்குத் தசை. வேட்டைக்காரன் என்ற அந்தஸ்தை ராஜினாமா செய்யாமலே திண்ணன் கண்ணப்பன் ஆகிறான்.

ஜூலியனுக்கு அது கிடையாது. அவன் வேட்டையை விட்டு, வீட்டை விட்டு, ஆற்றங்கரையில் படகோட்டியாகக் கிடக்கவேண்டும். ஒரு புயல் இரவில் வருகிற தொழுநோயாளி சாப்பாடு கேட்கிறான், குடிக்கக் கேட்கிறான், பிறகு குளிர்கிறது என்கிறான். கட்டிலில் படுத்து, நெருங்கு, இன்னும் நெருங்கு, உன் உடம்பின் சூட்டைத் தா என்கிறான். பாம்பைவிடச் சில்லிட்ட அந்தத் தோலின் மேல் ஜூலியன் நிர்வாணமாகப் படுக்கிறான். அப்போது கூரை பறக்கிறது, வானம் திறக்கிறது.

இங்கேதான் அந்தப் பறவை திரும்பி வருகிறது. குளிரில் விறைத்துப்போன ஓர் உயிர் அவன் கைக்கெட்டும் தூரத்தில் அன்று இருந்தது. அவன் செய்தது என்னவென்று நமக்குத் தெரியும். அதே குளிர் இப்போது மனித உருவில் வந்து படுத்திருக்கிறது. இந்த முறை அவன் அதை எடுத்து அணைத்துக்கொள்கிறான். பெற்றோரைக் கொன்ற பாவத்துக்குப் பிராயச்சித்தம் என்று இந்த முடிவை வாசிப்பது கதையின் வெளித்தளத்து வாசிப்பு. உள்ளே ஓடுகிற கணக்கு குளிரின் கணக்கு.

இரண்டில் எது பெரிது என்று கேட்பவர்களுக்கு: சேக்கிழாரின் வேட்டையில் தனி விலங்குக்கு முகமில்லை. கூட்டமாக வந்து சந்தத்தோடு விழுகின்றன. ஃப்ளோபெரின் மானுக்கு முகமும் குரலும் உண்டு. ஆனால் ஃப்ளோபெரின் வேட்டையில் கொன்றவனுக்கும் கொல்லப்பட்டதற்கும் இடையே பசி இல்லை, நாய் இல்லை, நெருப்பு மூட்டுகிற காடன் இல்லை. ஆகவே அவனுக்கு விமோசனம் வெளியிலிருந்து, அற்புதமாக, கூரையைப் பிளந்துகொண்டுதான் வரமுடிகிறது. திண்ணனுக்கு அது கைத்தொழிலின் உள்ளிருந்தே வருகிறது. என் சாய்வு திண்ணன் பக்கம். கலைச் சாதுரியத்தில் ஃப்ளோபெர் ஒரு படி மேலே என்பதைத் தெரிந்தேதான் இதைச் சொல்கிறேன்.

வேட்டை எழுத்து ஹிம்சை எழுத்து என்பவர்களுக்கு: சட்டம் தன் வேலையைச் செய்துவிட்டது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இங்கே ஊசுட்டேரி 2008இல் பறவைகள் சரணாலயம் ஆனது. குளிர்காலத்தில் அங்கே இறங்குகிற ஊசிவால் வாத்தும் நாமக்கோழியும் பிழைக்கட்டும். எனக்கு ஆட்சேபமில்லை, மகிழ்ச்சிதான். ஆனால் கவுதாரி எந்தப் புதரில் அடையும், காடை எந்தக் காற்றில் எழும்பும் என்று தெரிந்தவர்கள் இங்கே எழுதியதில்லை. எழுதுகிறவர்களுக்கு அது தெரிந்ததில்லை. துர்கனேவிடம் ஒரே உடம்பில் இருந்த இரண்டு ஞானங்கள் நம்மிடம் இரண்டு ஜாதிகளாகவே இருந்துவிட்டன. சட்டம் தடுத்தது கொலையை. கவனத்தை அது தடுக்கவில்லை. நாய் நிற்கிற இடத்தில் நிற்பதற்குத் துப்பாக்கி அவசியமில்லை.

அந்தக் கவனம் நம் புதுக்கவிதையில் இருக்கிறதா? கடந்த சில ஆண்டுகளில் வந்த தொகுதிகளைப் புரட்டுங்கள். பக்கத்துக்கு ஒரு பறவை. பெயர் கிடையாது, வெறும் பறவை. சுதந்திரத்துக்கு ஒன்று, தனிமைக்கு ஒன்று, பிரிவுக்கு ஒன்று. படிமத்துக்குத் தேவைப்பட்ட வரியில் கிளையில் உட்கார்த்திவைக்கப்படுகிறது. வேலை முடிந்ததும் கவிஞர் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். அது என்ன பறவை, எதைத் தின்றது, வரி முடிந்த பிறகு எங்கே போயிற்று என்பதெல்லாம் அவர் பொறுப்பல்ல. ரத்தம் சிந்தவில்லை என்பதால் இதை ஹிம்சை என்று எவரும் சொல்வதில்லை. ஜூலியனும் அன்று காலை அப்படித்தான் போனான். அவன் பின்னால் வர நாய்கள் இல்லை. இவர்கள் பின்னால் வர விமர்சகனாவது இருக்கவேண்டும்.