மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாத மனிதன்: ‘பிளேடு ரன்னர்’ படத்தின் நகர்மொழி

ரிட்லி ஸ்காட் இயக்கிய ‘பிளேடு ரன்னர்’ 1982ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அமெரிக்காவில் வெளியானபோது வசூலில் தோல்வியுற்றது. பின்னர் அது பெற்ற பெருமதிப்பு பெரும்பாலும் அதன் காட்சியமைப்பைச் சார்ந்தது. ஓயாத மழை, விளம்பர ஒளி, இருண்ட தெரு ஆகியவற்றையே பிற்காலப் படங்களும் அதனிடமிருந்து கடன்பெற்றன. மொழிபெயர்ப்போர் கருத வேண்டிய காட்சி ஒன்று அதில் உண்டு. அக்காட்சி படத்தின் வெவ்வேறு பதிப்புகளில் வெவ்வேறு பொருள் தருகிறது.

பிலிப் கே. டிக் 1968இல் வெளியிட்ட புதினத்தைத் தழுவிய இப்படம், 2019ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சல்ஸைக் கற்பனை செய்தது. மனிதரைப் போலவே ஆக்கப்பட்டுத் தப்பிவந்த செயற்கை உயிர்களைத் தேடிக் கொல்வது டெக்கார்டு என்பவன் விட்டுவந்த பணி. அவன் தெருவோரக் கடையில் உண்டுகொண்டிருக்கையில் காஃப் என்னும் காவல் அலுவலன் வந்து அழைக்கிறான். காஃப் பேசுவது ‘சிட்டிஸ்பீக்’ எனப்படும் நகர்மொழி. பல மொழிகளின் கலவை. அதனை உருவாக்கியதில் அவ்வேடமேற்ற எட்வர்டு ஜேம்ஸ் ஓல்மோஸுக்கே பெரும்பங்குண்டு.

அவனது முதல் தொடரில் விளி பிரெஞ்சு. உடனே தன்னைப் பின்தொடருமாறு கூறும் ஏவல் ஹங்கேரியம். முடிவிலுள்ள வேண்டுகோட்சொல் ஜெர்மன். ஏவல்வினை மரியாதை வடிவில் அமைந்தது. கடைக்காரர் இதனை ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது, டெக்கார்டைக் கைது செய்வதாகக் காஃப் சொல்கிறான் என்றாகிவிடுகிறது. பணிவு கழிந்து, அதன் பின்னிருந்த அதிகாரம் மட்டும் எஞ்சுகிறது. ஆள்மாறிவிட்டது என டெக்கார்டு மறுக்கவே, காஃப் ஹங்கேரிய வசைச்சொல் ஒன்றை உதிர்த்து ஒருமைக்கு இறங்குகிறான். கடைக்காரர் வசையை விழுங்கிவிட்டுப் பணிப்பெயரை மட்டும் சொல்கிறார். இடக்கரடக்கல் இங்கு மௌனமாகவே முடிந்துவிடுகிறது எனலாம்.

1982ஆம் ஆண்டுப் பதிப்பில் டெக்கார்டின் பின்னணிக் குரல் ஒலிக்கும். தனக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்றும், அம்மொழியைத் தான் அறிந்தவன் என்றும், ஆயினும் காஃபின் வேலையை எளிதாக்கும் எண்ணம் தனக்கில்லை என்றும் அவன் கூறுகிறான். 1992, 2007ஆம் ஆண்டுப் பதிப்புகளில் இக்குரல் நீக்கப்பட்டது. கண்ணால் காண்பதையே காதுக்கும் சொல்லும் அக்குரல் நீங்கியது பெரும்பாலும் நன்மையே. ஆனால் இவ்வோரிடத்தில் இழப்பு பெரிது. முந்தைய பதிப்பில் மொழிபெயர்ப்பவர் டெக்கார்டுக்குக் கேடயம். பிந்தையவற்றில் அவனுக்கும் பார்வையாளருக்கும் ஊன்றுகோல். படத்தின் இறுதியில் காஃப் தெளிவான ஆங்கிலம் பேசுவதையும் சேர்த்து நோக்குக. கடையில் நின்ற இருவருக்குமே மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. குரல் நீங்கியபின், இவ்வுண்மையில் பாதிதான் நமக்கு எட்டுகிறது.

தமிழில் துணையெழுத்து அமைப்போருக்கு இங்கு ஒரு சபலம் எழும். ‘நீங்கள்’, ‘நீ’ என்னும் வேறுபாடு தமிழில் இருத்தலால், ஆங்கிலம் இழந்ததைத் தமிழில் மீட்டுவிடலாமே என்று தோன்றும். அதற்கு இடங்கொடுத்தல் தகாது. காஃபின் பேச்சு நமக்கு விளங்கிவிட்டால், கடைக்காரர் இடையில் நிற்க வேண்டியதில்லை. பெயர்க்கத்தக்கது அவருடைய பேச்சே. அவரது ஆங்கிலத்தில் வினையின் விகுதி கெட்டிருக்கிறது. ‘அவர் சொல்லுது’ எனத் திணை வழுவாக அதனை அமைக்கலாம். பழைய தமிழ்ப்படங்களில் வட்டிக்கடைச் சேட்டுக்கு எழுதிய ‘நம்பள், நிம்பள்’ நடையை மட்டும் தொடவேண்டா. இம்மனிதர் நகைப்புக்குரியவர் அல்லர்.

இன்னொரு சொல் இதனினும் கடினமானது. செயற்கை உயிரைக் கொல்வதைக் கொலை என்னாது ‘ஓய்வளித்தல்’ என்றே வழங்குவதாகப் படத்தின் தொடக்க எழுத்துகள் கூறுகின்றன. நன்னூலார் கூறும் தகுதி வழக்கு மூன்றனுள் இது மங்கலம்போல் தோன்றும். ஆனால் மங்கலம் இறந்தாரை மதிப்பது. இச்சொல்லோ இறந்தது ஓர் உயிர் என்பதையே மறுக்கிறது. ஆகவே இதனைக் குழூஉக்குறியாகக் கொள்வதே பொருந்தும். ‘துஞ்சுதல்’ போன்ற சொற்களை இங்கு இட்டால் கொலையாளியின் வாயில் இரங்கல் ஏறிவிடும். 2017இல் டெனி வில்னேவ் இயக்கிய தொடர்ச்சிப் படத்திலும் இதே சொல் வருதலின், இரு படங்களுக்கும் ‘ஓய்வளித்தல்’ என்னும் ஒரே சொல்லை ஆளுதல் வேண்டும்.