சிகிரியாச் செப்புக்காசுகளும் அந்தியோக்கிய நகரும்

மாத்தளை மாவட்டத்துச் சிகிரியாவில் 1,000க்கு மேற்பட்ட உரோமக் காசுகள் கிடைத்தன. அவற்றைக் கொண்டு, உரோம வணிகர் காசியப்பனின் அரசவைக்கே வந்தனர் எனக் கூறுவாருளர். அதற்குத் துணையாகக் கொஸ்மஸ் என்பார் ஆறாம் நூற்றாண்டில் எழுதிய கதையையும் காட்டுவர். சோபத்திரன் என்னும் வணிகன் உரோமப் பொற்காசையும், பாரசீகன் வெள்ளிக்காசையும் இலங்கை வேந்தன் முன் வைக்க, வேந்தன் பொற்காசையே மெச்சினான் என்பது கதை. கேட்க இனிய இக்கதை சான்றாகுமா என்பதே ஆராயற்பாலது.

கதை பொன்னைப் பேசுகின்றது. மண் தந்ததோ செம்பு. இலங்கையிற் கிடைத்த உரோமக் காசுகளுட் பெரும்பாலன நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சார்ந்த, தேய்ந்த சிறு செப்புக்காசுகளே. அரசனுக்குக் கையுறையாகத் தகுவன அல்ல அவை; சில்லறையாக வழங்கத் தகுவன. அவற்றைப் பின்பற்றிச் செய்த காசுகளும் இந்நாட்டிற் காணப்படுதல் இக்கருத்தை வலியுறுத்தும்.

இனி, காசு தன் பிறப்பிடத்தைக் கூறுமேயன்றி, கொணர்ந்தவன் யாரெனக் கூறாது. இலங்கையிற் கிடைத்த காசுகளுள் அந்தியோக்கிய அக்கசாலையில் அடித்தனவும் உள. கி.மு. 300இல் செலூக்கசு நிறுவிய கிரேக்க நகரம் அது; கி.மு. 64இல் உரோமர் வசமாயிற்று. அதன் பின்னரும் அந்நகரக் காசுகள் நெடுங்காலம் கிரேக்க எழுத்தையும், ஒரொந்தெசு ஆற்றின்மேல் அடிவைத்தமர்ந்த நகர்த்தெய்வத்தின் உருவையும் தாங்கின. பேரரசெங்கும் காசு ஒருபடித்தாகிய பின்னரோ, நகரின் அடையாளமாக எஞ்சியவை ஏ, என், டீ என்னும் இலத்தீன் எழுத்துக்களே. அவ்வெழுத்துடைய காசு சிகிரியாவிற் கிடைப்பினும், அந்தியோக்கியன் சிகிரியா வந்தான் என்பது பெறப்படாது. தமிழகத்துக் கரூரிலும் மதுரையிலும் இத்தகைய செப்புக்காசுகள் கிடைத்தலால், அவை பல கை மாறி வந்திருத்தலும் கூடும்.

காலமும் அவ்வாறே. காசியப்பன் ஆண்டது ஐந்தாம் நூற்றாண்டின் இறுதிக் காலத்தில். காசுகளிற் பலவோ அவனுக்கு முன்னரே அடிக்கப்பட்டவை. அடித்த காலம், வந்த காலம், மண்ணிற் புதைந்த காலம் என்னும் மூன்றனையும் ஒன்றாக மயக்குதலே இவ்வாதத்தின் பெருங்குறை.

இதனால் சிகிரியாவின் பெருமை குன்றாது. வேந்தன் மெச்சிய ஒரு பொற்காசினும், எளியோர் கைப்பட்டுத் தேய்ந்த செப்புக்காசுகளே அக்கால வாழ்க்கைக்கு உறுதியான சான்று. அவற்றைக் கிடைத்த இடத்தினின்று பெயர்த்து விற்போர், செம்பை விற்கவில்லை, சான்றையே அழிக்கின்றனர்.