நுவரெலியாவுக்கு லண்டன் முத்திரை

கம்பளையில் வியர்க்க வியர்க்க பஸ் ஏறுகிறவர்கள், புசல்லாவை தாண்டி இறம்பொடை வளைவுகளில் பஸ் முனகத் தொடங்கியதும் சுவெட்டரைத் தேடுவார்கள். கம்பளை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 480 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றரில். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறரைப் பாகை குறையும் என்ற பொதுக்கணக்கின்படி, இடையில் ஒன்பது பாகை இறங்கிவிடுகிறது. இந்தக் குளிர் உயரம் தந்த குளிர். ஆனால் உலகக் காலநிலை வரைபடம் நுவரெலியாவுக்கு இடும் குறியீடு ‘சி-எஃப்-பி’. லண்டனுக்கும் டப்ளினுக்கும் அதே குறியீடுதான். புவியியல் நூல்களில் அந்தப் பெட்டியின் மேல் ‘சமுத்திரக் காலநிலை’ என்று எழுதியிருக்கும். கடல் செய்யாத குளிர் கடலின் கணக்கில் எப்படி ஏறியது?

இந்தப் பாகுபாட்டை வகுத்தவர் விளாடிமிர் கொப்பென். 1846இல் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் பிறந்து, தாவரங்களையும் வெப்பத்தையும் சேர்த்துப் படித்தவர். 1884இல் வெப்ப வலயங்களை வரைந்தார். 1900இல் முழு வகைப்பாட்டை வெளியிட்டார். பின்னாளில் ருடோல்ஃப் கைகர் அதைத் திருத்தினார். விதிகள் எளியவை. மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரி 18 பாகைக்குக் கீழும், சைபருக்குக் கீழ் 3 பாகைக்கு மேலும் இருந்தால் ‘சி’. வறண்ட பருவம் இல்லையென்றால் ‘எஃப்’. மிகச் சூடான மாதமும் 22 பாகையைத் தொடாமல், நான்கு மாதங்களாவது 10 பாகைக்குக் குறையாமல் இருந்தால் ‘பி’. நுவரெலியாவின் குளிர்ந்த மாதம் 14 பாகை அளவில், சூடான மாதம் 17 பாகை அளவில். மழை எல்லா மாதமும் உண்டு. மூன்று விதிகளிலும் தேறிவிடுகிறது.

இந்த முறையின் பலத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. மாதாந்த வெப்பநிலை, மாதாந்த மழை ஆகிய இரண்டு பட்டியல்கள் போதும். உலகின் எந்த ஊரையும் எந்த ஊரோடும் ஒப்பிடலாம். எல்லைகள் தாவரங்களை ஒட்டி வகுக்கப்பட்டவை என்பதால் மண்ணிலும் அது பலிக்கிறது. 1848இல் நுவரெலியாவில் குடியேறி ஆங்கிலேயப் பண்ணை ஒன்றை அமைக்க முனைந்த சாமுவேல் பேக்கருக்குக் கொப்பெனின் எழுத்துகள் தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு என்று ஐரோப்பியத் தோட்டமே அங்கே வேரூன்றிவிட்டது. கொளுத்தும் கோடை இல்லாத இடத்தில் இவை விளையும் என்பதை அந்த ‘பி’ சரியாகவே சொல்கிறது.

பிசகு தொடங்குவது, காரணத்தைக் கேட்கும்போது. நீர் மெல்லச் சூடேறும், மெல்ல ஆறும். கோடையில் வாங்கிய வெப்பத்தை ஆழம்வரை கலந்து வைத்துக்கொண்டு மாரியில் திருப்பித் தரும். கடற்காற்று வீசும் நாட்டில் ஆகவே மாரி மழுங்கும், கோடையும் மழுங்கும். ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கும் சைபீரியாவின் யாகுட்ஸ்க்கும் ஏறக்குறைய ஒரே அகலக்கோட்டில் இருப்பவை. முதலாவதில் சனவரி சைபரை ஒட்டி நிற்கும், யூலை 11 பாகை. இரண்டாவதில் சனவரி சைபருக்குக் கீழே 38 அளவுக்கு விழும், யூலை 19ஐத் தாண்டும். ரெய்க்யாவிக்கின் குளிரைச் சமுத்திரக் குளிர் என்று சொல்ல வைப்பது இந்த மழுங்கல்தான். எவ்வளவு குளிர் என்பதல்ல. அங்கேயும் விதி இடறுகிறது. 1961–1990 சராசரியில் ரெய்க்யாவிக்கின் சனவரி சைபருக்கு அரைப் பாகை கீழே. கொப்பெனின் மூன்று பாகை எல்லையை வைத்தால் அது ‘சி’. சைபரை எல்லையாக்கும் மாற்று மரபை வைத்தால் ‘டி’, அதாவது கண்டக் குளிரின் கூட்டம். கடல் அப்படியே இருக்கிறது, கோடுதான் நகர்கிறது.

நுவரெலியாவில் மழுங்குவதற்கு மாரியே இல்லை. ஏழாம் பாகை அகலக்கோட்டில் ஆண்டு முழுவதும் சூரியன் உச்சியை ஒட்டியே போகிறது. மாதங்களுக்கிடையே மூன்று பாகை வேறுபாடுதான். பெரிய ஏற்ற இறக்கம் ஒரே நாளுக்குள் நடக்கிறது. பெப்ரவரியில் பகல் 21 பாகையைத் தொடும், இரவு 9க்கு இறங்கும். முகில் இல்லாத சில இரவுகளில் பள்ளத்தாக்கில் குளிர்காற்று தேங்கி, விடியும்போது புல்லில் துகள் பனி வெள்ளையாகப் படிந்திருக்கும். வெயில் ஏறியதும் தேயிலைக் கொழுந்து கருகிப்போகும். அதே நாளில் நண்பகலில் சுவெட்டரைக் கழற்றலாம். வெப்பமண்டல மலைகளில் பருவத்தைவிட நாளே பெரிது என்பதை ஜெர்மன் புவியியலாளர் கார்ல் ட்ரோல் விரிவாகவே காட்டியிருக்கிறார். மாதச் சராசரி இதைக் காணாது. இரவும் பகலும் கூட்டிப் பிரிபட்டுச் சாதுவான ஒரு எண்ணாகிவிடும். நீண்ட குளிர்கால உறக்கம் வேண்டிய பழமரம் லண்டனில் காய்த்து இங்கே தயங்குவதன் காரணமும் அந்த எண்ணில் தெரியாது.

ஊட்டியைப் பக்கத்தில் வைத்தால் குறை இன்னும் வெளிப்படை. அதே அயனமண்டலம், அதே தேயிலை, அதே உறைபனி. ஆனால் குளிர்ந்த மாதங்களில் மழை மிகவும் குறைவு என்பதால் அதற்கு ‘சி-டபிள்யு-பி’ என்று வேறு குறியீடு. நீலகிரிக்கு வேறு பெட்டி, தேம்ஸ் நதிக்கரையோடு ஒரே பெட்டி என்று நுவரெலியாவைக் கொண்டுபோய் நிறுத்தியது ஓர் எழுத்து மட்டுமே.

அப்படியானால் ஆண்டு வீச்சை, அதாவது மிகச் சூடான மாதத்துக்கும் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் உள்ள வேறுபாட்டை, நேரே அளந்துவிடலாமே? முயன்றிருக்கிறார்கள். 1920இல் கொர்ச்சின்ஸ்கி என்ற ஆய்வாளர் ஆண்டு வீச்சை அகலக்கோட்டின் சைனால் வகுக்கும் சூத்திரம் ஒன்றைத் தந்தார். எண் ஏற ஏறக் கண்டத்தன்மை கூடும். மூன்று பாகை வீச்சுள்ள நுவரெலியாவுக்கு 22 அளவில் வருகிறது, 13 பாகை வீச்சுள்ள லண்டனுக்கு 8. தீவின் நடுவிலுள்ள மலை லண்டனைவிடக் கண்டத்தன்மை மிக்கதாம்! மத்தியகோட்டை நெருங்க சைன் சைபராவதால் வந்த கோளாறு இது. 1946இல் கொன்ராட் என்பவர் அகலக்கோட்டுடன் பத்துப் பாகை கூட்டிச் சரிசெய்தார். இப்போது நுவரெலியாவுக்கு 4க்குள், லண்டனுக்கு 11. வரிசை தலைகீழ். கொப்பெனின் முறைக்கே டிரிவார்த்தா என்பவர் செய்த திருத்தம் இவற்றைவிட நியாயமானது: 10 பாகைக்குக் குறையாத மாதங்கள் நான்கு முதல் ஏழு வரை இருந்தால்தான் சமுத்திரக் காலநிலை. பன்னிரண்டு மாதமும் அப்படியே இருக்கும் நுவரெலியா அதற்குள் வராது.

மாரி என்று ஒன்று வந்து, அதைக் கடல் தணிக்கும் இடத்தில்தான் சமுத்திரக் குளிர் என்ற பேச்சுக்கு இடமுண்டு. மலைநாட்டைப் படிக்க நம் நாட்டிலேயே பழகிய அளவுகோல் இருக்கிறது: 300 மீற்றர், 900 மீற்றர் என்று தாழ்நாடு, மத்திய நாடு, மலைநாடு, மழையால் ஈர, இடை, உலர் வலயங்கள். உயரமும் பருவக்காற்றும் என்ற இரு காரணங்களும் அதிலேயே அடங்கிவிடும். ஆனால் கம்பளையை டப்ளினோடு ஒப்பிட அது உதவாது. அங்கே கொப்பென் வேண்டும்.

வெப்பநிலை உயர்ந்துவரும் காலத்தில் இந்த வேறுபாடு ஏட்டோடு நிற்காது. நுவரெலியாவின் குளிர்ந்த மாதம் ‘சி’யை விட்டு வெளியேற இன்னும் நான்கு பாகை ஏற வேண்டும். அதற்குள் பனி விழும் இரவுகளும் கொழுந்து எடுக்கும் பருவமும் எவ்வளவோ மாறிவிடலாம். அதுவரைக்கும் வரைபடத்தில் நிறம் மாறாது. தோட்டத்தைக் காக்க நினைப்பவர் பார்க்கவேண்டியது இரவின் அடிவெப்பநிலையை, அந்த நிறத்தை அல்ல.