அறுபது ரூபாய்ப் பாக்கி

ஜிஎஸ்டி தாக்கல் ஒரு நாள் தள்ளிப்போனால் பதறிப்போகும் கடைக்காரரிடம், தொழிலாளர் நல நிதி கட்டியாயிற்றா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும், "அது என்னங்க?" என்றுதான் பதில் வரும். தமிழ்நாட்டில் அதற்கான சட்டம் 1972-லேயே வந்துவிட்டது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகளுக்கும் அது பொருந்தும்.

ஆறு பேர் வேலை செய்யும் ஒரு மளிகைக்கடையை எடுத்துக்கொள்வோம். 2022-இல் உயர்த்தப்பட்ட விகிதப்படி, ஆண்டுக்கு ஆளுக்கு 20 ரூபாய் சம்பளத்தில் பிடித்து, முதலாளி 40 ரூபாய் போட வேண்டும். மொத்தம் 360 ரூபாய். அரசு தன் பங்காக இன்னும் 120 சேர்க்கும். ஜனவரி 31-க்குள் கட்டினால் முடிந்தது.

இந்தச் சட்டத்தின் அருமை தொகையில் இல்லை, எல்லைக்கோட்டில் இருக்கிறது. இஎஸ்ஐ 10 பேரிலிருந்து, பிஎஃப் 20 பேரிலிருந்துதான் கட்டாயம். அந்தக் கணக்குக்குள் வராத பொட்டலம் கட்டும் பையனுக்கும் பில் போடும் பெண்ணுக்கும், பிள்ளையின் படிப்புக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் ஈமச்சடங்குக்கும் உதவி கேட்க இந்த நிதியாவது இருக்கிறது. நல்ல யோசனை, சந்தேகமில்லை.

ஆனால் முதலாளி பணம் கட்டியிருந்தால்தான் தொழிலாளிக்கு அந்த உதவி. மறந்தவர் ஒருவர், இழப்பவர் இன்னொருவர். இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று முதலாளி இருக்கிறார். ஆடிட்டரோ தன் வேலை வரிக்கணக்கோடு சரி என்று இருக்கிறார். தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டத்துக்கும் இதே கதிதான். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தியோடு ஐந்து பண்டிகை நாட்கள் சம்பளத்தோடு விடுமுறை. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளத்தோடு மாற்று விடுப்பு. தீபாவளிக்கு ஒரு நாள் கடையடைத்து அதோடு கணக்கை முடித்துக்கொள்பவர்கள், சட்டம் தெரியாது என்று எத்தனை ஆண்டுதான் சொல்வார்கள்?

அதே கடைக்காரர் தராசுக்கு முத்திரை வைக்க மறப்பதில்லை. வாடிக்கையாளர் கண்ணில் படும் விஷயம் அது. தமிழ்நாட்டில் எடையளவு முத்திரையைப் பார்ப்பதும் தொழிலாளர் துறைதான். முத்திரைக்கு வருபவரிடமே நல நிதி விவரத்தைச் சொல்லி, அங்கேயே கட்ட வழி செய்யலாம். ரசீது இல்லையென்று முத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அது கையூட்டுக்கு இன்னொரு வாசலாகிவிடும். முதலாளி கட்டத் தவறியிருந்தாலும் தொழிலாளியின் விண்ணப்பத்தை இந்த நிதியை நிர்வகிக்கும் வாரியம் ஏற்று, பாக்கியைப் பிறகு முதலாளியிடம் வசூலிக்கட்டும்.