வவுச்சர் எங்கே?

கம்ப்யூட்டர் விளையாட்டில் மகாத்மா காந்தி அணுகுண்டு போடுவார் என்று உங்கள் வீட்டுப் பையன் சொல்லியிருப்பான். சிட் மையர் 1991-ல் உருவாக்கிய 'சிவிலைசேஷன்' ஆட்டத்தில் இந்தியாவின் தலைவர் காந்திதான். அவருடைய ஆக்ரோஷத்துக்கு மதிப்பெண் 1. நாடு ஜனநாயகமானால் அதில் 2 குறையுமாம். பூஜ்யத்துக்குக் கீழே எண்ணத் தெரியாத கம்ப்யூட்டர் அதை 255 ஆக்கிவிடுமாம். சாந்தசொரூபி சண்டியராகிவிடுவாராம்.

பிரமாதமான கதை. ஒரே குறை, அப்படி ஒரு பிழை இருந்ததேயில்லை. 2020-ல் வந்த சுயசரிதையில் மையரே மறுத்துவிட்டார். 2010-ல் வெளியான ஐந்தாம் சிவிலைசேஷனில் காந்திக்கு அணுகுண்டு மோகம் உண்டுதான். அது வேண்டுமென்றே வைத்த குறும்பு.

உலகமே நம்பிய ஒரு பிழைக்கு ஒரு வவுச்சர்கூட இல்லை! பி.காம் படித்தவனுக்கு வயிற்றைக் கலக்குகிற விஷயம் இது.

ஆச்சரியம் என்னவென்றால், அதே ஆட்டத்தின் ரசிகர்களிலேயே படு கறாரான ஆடிட்டர்களும் இருக்கிறார்கள். கம்பெனி விற்ற விளையாட்டைப் பிரித்துப் போட்டு, விதிகளை மாற்றி, இலவசமாகத் தருவதற்கு 'மாட்' என்று பெயர். ஐந்தாம் சிவிலைசேஷனின் நிரல் ஒரு பகுதியை 2012-ல் கம்பெனி வெளியிட்டது. அதைவைத்து ரசிகர்கள் கட்டியதுதான் 'வாக்ஸ் பாப்புலி'. லத்தீனில் மக்கள் குரல். கம்பெனி 2016-ல் ஆறையும் 2025-ல் ஏழையும் விற்கப் போய்விட்டது. பழைய வீட்டுக்கு ஒட்டடை அடிப்பவர்கள் சம்பளமில்லாத இந்த ஆசாமிகள்தான்.

இவர்களிடம் போய் "உங்க மாட் கிராஷ் ஆகுது" என்றால் வேலை நடக்காது. எந்த வெர்ஷன்? வேறு மாட் ஏதாவது கூடவே ஓடுகிறதா? அதையெல்லாம் எடுத்துவிட்டுப் பார்த்தீர்களா? கிராஷுக்கு முந்தைய டர்னில் சேமித்த ஃபைல் எங்கே? லாக் எங்கே?

அதிகப்பிரசங்கித்தனம் என்று தோன்றும். இல்லை. இது சதுரங்கம் மாதிரி முறைவைத்து ஆடும் ஆட்டம். 40-ஆவது டர்னில் விதைத்த தப்பு 217-ல் முளைக்கலாம். நடுவில் ஆயிரம் முடிவுகள். எங்கே என்று தேடுவது? ஆனால் இதே முறைவைத்து ஆடுவதில் ஒரு சௌகரியமும் உண்டு. நீங்களாக மாற்றாதவரை, சேமித்த ஃபைலோடு அதிர்ஷ்டத்தின் விதையும் சேமிக்கப்படும். திரும்பத் திறந்து அதே நகர்த்தலைச் செய்தால் பெரும்பாலும் அதே பலன். உங்கள் வீட்டில் விழுந்த இடி, மாட் எழுதியவர் வீட்டிலும் விழும். பிடித்துவிடலாம்.

இன்னொரு பாகுபாடும் முக்கியம். "எதிரி என்னை ரொம்ப அடிக்கிறான்" என்பது பிழை இல்லை. அது உங்கள் வருத்தம். "சமாதான ஒப்பந்தம் இருக்கும்போதே அடித்தான், இதோ ஃபைல்" என்றால் பிழை. நம்மில் பாதிப் பேருக்குப் 'பிடிக்கவில்லை'க்கும் 'தப்பு'க்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

இந்த முறையிலும் ஒரு குறை சொல்லவேண்டும். லாக் எழுதும் வசதி ஆட்டத்தில் முதலில் அணைக்கப்பட்டிருக்கும். config.ini-க்குப் பதில் ஒரு ஸ்விட்ச் கிடையாது. ஒரு செட்டிங் ஃபைலைத் திறந்து, பூஜ்யத்தை ஒன்றாக மாற்றவேண்டும். பத்தாவது படிக்கும் பையன் அதைப் பார்த்ததும் "எனக்கெதுக்கு வம்பு" என்று ஓடிவிடுவான். அவனோடு ஒரு நிஜமான பிழையும் ஓடிவிடும். ஆடிட்டர் கறாராக இருக்கலாம். வாசற்படி அத்தனை உயரமாக இருக்கவேண்டாம்.

ஆனாலும் என் ஓட்டு கறாருக்குத்தான். இலவசமாக உழைப்பவனிடம் இருப்பது ராத்திரி கிடைக்கும் ஒன்றிரண்டு மணி நேரம். மொட்டையான பத்துப் புகார்கள் அதைத் தின்றுவிட்டால் ஒருநாள் அவன் கடையைச் சாத்திவிட்டுப் போவான். ஃபைலோடு வரும் ஒரே ஒரு புகார், முகம் தெரியாத ஆயிரம் பேருடைய ஆட்டத்தைச் சரிசெய்யும். இதைவிட உபயோகமான விமரிசனம் எது, சொல்லுங்கள்?

அடுத்த முறை ஒரு படத்தையோ புத்தகத்தையோ "செம மொக்கை" என்று தீர்ப்பெழுதும்முன் ஒரு நிமிஷம். எந்தக் காட்சி? எந்தப் பக்கம்? அது இல்லாவிட்டால் உங்கள் புகாரும் காந்தி போட்ட அணுகுண்டுதான்.