தேங்கியதா, தேக்கினார்களா?

தி.நகரில் ஒரு நல்ல மழை பெய்தால் போதும், எனக்குத் தமிழ் வினைச்சொற்கள் மேல் இருக்கும் பைத்தியம் இன்னும் முற்றிவிடும். உஸ்மான் ரோட்டில் 'தண்ணி தேங்கியிருக்கு' என்பார்கள். 'தேக்கியிருக்காங்க' என்று ஒருவர்கூடச் சொல்வதில்லை. ஓர் எழுத்துதான் வித்தியாசம். 'ங்' இருக்கும்வரை எல்லாரும் தப்பித்தார்கள். 'க்' வந்தால் யாரோ மாட்டினார்கள்!

தன்வினை, பிறவினை என்று பள்ளியில் இதை இரண்டு மதிப்பெண் கேள்வியாகச் சுருக்கிவிட்டார்கள். அநியாயம்! பங்குனியில் மயிலாப்பூர் மாடவீதிக்குப் போய்ப் பாருங்கள். தேர் திரும்புகிறது, கட்டை போடுகிறவர்கள் திருப்புகிறார்கள். கூட்டம் நகர்கிறது, போலீஸ் நகர்த்துகிறது. நிரம்பு-நிரப்பு, திருந்து-திருத்து, சேர்ந்தேன்-சேர்த்தேன்: மெல்லினம் வல்லினமானதும் செய்த ஆள் வெளியே வந்துவிடுகிறார். என்ன சிக்கனம்!

செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றாத வினை என்று பிரித்தால் வேலை முடிந்ததா? முடியாது. 'அடையாறை அடைந்தான்' என்பதில் 'ஐ' உருபு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது; வினையோ 'அடைத்தான்' ஆகாமல் 'அடைந்தான்' என்றே நிற்கிறது. இந்த முடிச்சை அவிழ்த்தவர் பேராசிரியர் கு. பரமசிவம். எழுவாய் செயலை நடத்துகிறதா, செயலுக்கு ஆளாகிறதா என்பதே உண்மையான பிரிவு என்றார். 1979-இல் நூலாக வந்த அந்த ஆங்கில ஆய்வைப் படித்தபோது எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது.

சென்னையிலேயே உருவான க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை (முதல் பதிப்பு 1992) கதைப் புத்தகம் போலப் படிக்கிறவன் நான். 'உடை'யைப் புரட்டுங்கள். 'உடைய, உடைந்து' தனி, 'உடைக்க, உடைத்து' தனி. தலைச்சொல் பக்கத்திலேயே அந்த இரண்டு வடிவங்களையும் கொடுத்தது அபாரமான யோசனை.

அமெரிக்காவின் ஒமாஹா-போன்கா மொழியில் இன்னொரு வித்தை. வினையடிக்கு முன்னால் வரும் சிறு ஒட்டு மாறினால், கையால் செய்ததா, காலாலா, வாயாலா என்பது தெரிந்துவிடும். அதற்கும் ஒரு சபாஷ். ஆனால் யார் செய்தார் என்பதை ஒற்றை மெய்யெழுத்தில் ஒளித்துவைக்கும் நம் சாமர்த்தியத்துக்கே என் ஓட்டு.

ஆகவே, 'டம்ளர் உடைஞ்சுபோச்சும்மா' என்று உங்கள் பிள்ளை வந்து நின்றால் உடனே திட்டாதீர்கள். இலக்கணத்தில் அது நூற்றுக்கு நூறு.